பாப்பாவை எந்த வரியில் எழுதுவது

உ
திரௌபதி அம்மன் துணை

உத்திரமேரூர் பக்கம், நம் வீட்டிலிருந்து
பங்குனி, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஸ்ரீகாந்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. இன்று காலை கோயில் வரி எழுத வந்தபோது நம் வீட்டில் இருந்தவர்கள் நான், உன் அப்பா, வரி எழுதுகிற எல்லப்பன், வாங்கிப்போன முறத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அங்கம்மாள், அவ்வளவுதான். வேறு ஈ காக்கை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு என் விஷயத்தைப் பேசினீர்களா என்று உனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் மேலே படிக்கமாட்டாய். போனிலும் அப்படித்தான் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் மூடி வைத்தாலும் மீதிப் பாதி அங்கேயேதான் இருக்கும், சாப்பிட்டுவிட்டு வந்து படித்துக்கொள்ளலாம்.

இங்கே நானும் அப்பாவும் அம்மன் வைத்த அளவில் நன்றாக இருக்கிறோம். வெயில் வந்ததும் அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் விட்டிருக்கிறது, சர்க்கரை மாத்திரையை நான் கண்ணெதிரே நின்று போட வைக்கிறேன். ஏரியில் இன்னும் தண்ணீர் இருக்கிறது, நவரைப் பட்டத்து நெல் கதிர் வாங்கிவிட்டது. அங்கே அமெரிக்காவில் நீ எப்படி இருக்கிறாய் கண்ணு. முன்பெல்லாம் நீயும் ஜெயப்பிரியாவும் பாப்பா ஸ்வேதாவும் சுகமா என்று ஒரே மூச்சில் கேட்டுவிடுவேன். இப்போது உன்னைத் தனியாகவும் அவர்களைத் தனியாகவும் கேட்க வேண்டியிருக்கிறது, பேனா அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. ஒரே ஊரில் இருந்துகொண்டு இரண்டு வீடு, இரண்டு அடுப்பு. சரி, மூன்று பேரும் எந்தக் கூரையின் கீழ் இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் காலையில் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். அம்மனிடம் மட்டும் இன்னும் மூன்று பேரையும் சேர்த்தே சொல்கிறேன், அவள் ஒன்றும் என்னைத் திருத்தவில்லை.

காலையில் நடந்ததைச் சொல்கிறேன். தீமிதித் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதுவது உனக்கு மறந்திருக்காது, கல்யாணமான ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு, வெளியூரில் இருந்தாலும் வெளிநாட்டில் இருந்தாலும் அவன் பேரில் வரி உண்டு. உன் கல்யாணத்து வருஷத்திலிருந்து உனக்குத் தனியாகத்தான் கட்டிக்கொண்டு வருகிறோம். எல்லப்பன் அப்பா பேரை எழுதிவிட்டு உன் பேர் வந்ததும் பேனாவைக் காதுக்குள் விட்டுக் குடைந்துகொண்டே இருந்தான். பிறகு, பெரிம்மா தப்பா எடுத்துக்காத, ஸ்ரீகாந்த இந்த வருசம் தனி தலைக்கட்டா போடறதா, இல்ல உங்க வூட்டோடயே சேத்துடறதா, எதுக்கு ரெண்டு வரின்னுதான் கேக்கறேன் என்றான். நல்ல எண்ணத்தில் கேட்டானோ வாயைக் கிளறக் கேட்டானோ தெரியாது. அங்கம்மாள்தான், நீ வரி எழுத வந்தியா பஞ்சாயத்து பண்ண வந்தியா, எழுதிக்கினு போய்க்கினே இரு என்றாள். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, தனியா எழுது, பொண்டாட்டி பேரையும் எழுது, புள்ள பேரையும் எழுது என்றார். பொம்பளப் புள்ளைக்கு நம்ம ஊர்ல ஏது வரி பெரிப்பா என்று எல்லப்பன் சிரித்தான். வரி வாங்கு, வாங்காத போ, பேரு எழுது என்றார் அப்பா. அவன் எழுதினான். எழுதியதைத் திருப்பிக் காட்டினான். ஸ்ரீகாந்த், மனைவி ஜெயப்பிரியா, மகள் ஸ்வேதா. மூன்று பேரும் ஒரே வரியில். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிப் பார்த்தேன் ராசா. அவன் போன பிறகும் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், அங்கம்மாள் கையில் இருந்த முறத்தைக்கூட வாங்கவில்லை.

அதைப் பார்த்த பிறகுதான், உனக்கு எழுதியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்தேன். ஏனென்றால் உன் வீட்டுக்குள் நான் இழுத்துவிட்ட வம்பு இந்த வரி என்கிற ஒரு வார்த்தையால் வந்ததுதான். எப்படி என்று கேள். மாசி மாதம் நீ அப்பாவிடம் போனில் பேசும்போது, இந்த வருசம் வரியில பாப்பாவ நான்தான் காட்டுவேன், அவ நான்தான் காட்டுவேன்றா என்று சத்தமாகச் சொன்னாய், அடுக்களையில் இருந்த எனக்கே கேட்டது. எனக்குத் தெரிந்த வரி நம் ஊர் வரி. ஒரு பேரை எழுதினால் அந்தப் பேருக்குக் கட்டவேண்டும், எழுதுகிறவனுக்குச் செலவு. அண்ணன் தம்பி சண்டை போட்டுக்கொண்டால் அம்மா பேரை உன்னோடு எழுது, அவனோடு எழுது என்று தள்ளிவிடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன், என்னோடு எழுது என்று அடித்துக்கொண்டவர்களைப் பார்த்ததில்லை. அதனால் நீங்கள் இரண்டு பேரும் பிள்ளையின் பாரத்தை நான் சுமக்கிறேன் நீ சுமக்காதே என்று போட்டி போடுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னால் சிரிப்பாய், அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். இப்படி ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக் கொடுக்கிறவர்கள் எத்தனை நாளைக்குத் தனித்தனியாக இருப்பார்கள் என்று அம்மனுக்கு நெய்விளக்குகூடப் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெயப்பிரியா வழக்கம்போல போன் போட்டாள். பாப்பா பல் தேய்க்கப் போயிருந்த நேரத்தில் நான் பெரிய மனுஷி மாதிரி, ஏம்மா அந்த வரி பாரத்த நீ எதுக்கு தலையில போட்டுக்கினு கீற, பாப்பாவ அவனே எழுதிக்கட்டும், நீ கையெழுத்துப் போட்டு வுட்டுடு என்று சொன்னேன். கையெழுத்து என்று நீ அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்திருந்தது, அதையும் சேர்த்துக்கொண்டேன். அவள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது, ஆனால் ஏன் என்று தெரியவில்லை. அத்தை, இது நீங்களா சொல்றதா, அவர் சொல்லச் சொன்னதா என்று கேட்டாள். நானா சொல்றதுதாம்மா என்றேன். சரி அத்தை, பாப்பா தூங்கணும் என்று வைத்துவிட்டாள். அன்றோடு சரி. நான் அனுப்புகிற சேதியை எல்லாம் பார்க்கிறாள், பார்த்ததற்கு நீலக்கோடு வருகிறது, பதில் வரவில்லை. அதற்குள் உன்னிடம் இருந்து போன். அம்மாவ வுட்டு பேசச் சொல்றியான்னு அவ கேக்கறா, வக்கீல பாக்கறேன்றா, உனக்குப் புரியாத விஷயத்துல ஏம்மா பூர்ற என்று கத்தினாய். நியாயம்தான். புரியாத விஷயம்தான். ஆனால் புரியவில்லை என்பதே எனக்குப் புரியவில்லையே கண்ணு.

புரிந்துகொள்ளலாம் என்றுதான் போன வாரம் மளிகை வாங்கப் போனபோது அப்துல் கனி பாய் கடையில் பேச்சை எடுத்தேன். பாய்தான், இன்னாக்கா மூஞ்சி பேஜாரா கீது என்று முதலில் கேட்டார். அவருடைய பெண் ஷப்ரீன் சென்னையில் அமெரிக்காக்காரர்களுக்கு வரி எழுதிக் கொடுக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறது, இந்த மூன்று மாதமும் அவர்களுக்குத் தூக்கம் கிடையாதாம், அன்றைக்கு லீவில் வந்து கடையில் உட்கார்ந்திருந்தது. யார் என்ன என்று பேர் சொல்லாமல்தான் கேட்டேன், ஆனால் அந்தப் பெண் புரிந்துகொண்டது, புரிந்துகொண்டதைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. பெரிம்மா, அது பாரம் இல்ல, வரவு என்றது. அங்கே பிள்ளையை எழுதினால் வரி குறையுமாம், கட்டினதில் திரும்பக்கூட வருமாம். அப்படியென்றால் நான் ஜெயப்பிரியாவிடம் பாரத்தை இறக்கி வை என்று சொல்லவில்லை, உன் கையில் இருப்பதைக் கொடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். அவள் என்ன நினைத்திருப்பாள். மாமியாரை முன்னால் தள்ளி, பணத்தையும் பிள்ளையையும் கேட்கிறான் என்றுதானே நினைத்திருப்பாள்.

அப்புறம் ஷப்ரீன் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து மெதுவாகச் சொன்னது. தாய் தகப்பன் தனித்தனியாக இருந்தால் ஒரு பிள்ளையை ஒருவர்தான் எழுதலாம். இரண்டு பேரும் எழுதினால் பிந்தி எழுதினது திரும்பி வந்துவிடும், இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் சர்க்காரிடமிருந்து கேள்வி வரும். யார் எழுதுவது என்பதை யார் பீஸ் கட்டுகிறார்கள் என்று பார்ப்பதில்லையாம், பிள்ளை எந்த வீட்டில் ராத்திரி அதிகமாகத் தூங்குகிறது என்று பார்ப்பார்களாம், அந்த வீட்டுக்குத்தான் முதல் பாத்தியதை. அவர்களே மனசோடு கையெழுத்துப் போட்டு விட்டுக் கொடுத்தால் மற்றவர் எழுதலாம், சில பேர் ஒரு வருஷம் நீ ஒரு வருஷம் நான் என்று பேசி வைத்துக்கொள்கிறார்களாம், ஆனால் கேட்டு மிரட்டி வாங்குகிற கையெழுத்து இல்லை அது. சித்திரை பிறந்து மறுநாள் வரைக்கும்தான் தவணை என்றும் சொன்னது.

நான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தத் தூங்குகிற வீடு என்கிறதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூட நாளெல்லாம் பாப்பா அம்மாவிடம். வெள்ளி ராத்திரி மட்டும் உன்னிடம், சனிக்கிழமை சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுகிறாய். விட்டுவிட்டு வரும்போது வண்டியைக் கொஞ்ச நேரம் எங்கேயாவது நிறுத்திவிட்டுத்தான் ஓட்டுவேன் என்று ஒரு தரம் வாய் தவறிச் சொன்னாய், அதை நான் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் டாக்டருக்கும் நீதான் கட்டுகிறாய், கட்டுகிறவனுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்கிறாய், அந்தக் கேள்வியில் தப்பு இல்லை. ஆனால் நீ கேட்பது பணத்தை இல்லை என்று எனக்குத் தெரியும். பணத்துக்கு அடித்துக்கொள்கிற பிள்ளையை நான் பெறவில்லை. ஏதாவது ஒரு காகிதத்தில் பாப்பா பேர் உன் பேருக்குக் கீழே இருக்கவேண்டும் என்று உனக்கு இருக்கிறது. இன்று காலை எல்லப்பன் நோட்டைத் திருப்பிக் காட்டியபோது எனக்கு இருந்தது அதேதான். உன் வயிற்றில் எரிவதுதான் என் வயிற்றிலும் எரிகிறது நைனா.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாப்பாவுக்குக் காது குத்த வந்தபோது நம் கூடத்து ஃபேன் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறதா. முதல் நாள் அதற்கு அழுதாள், மூன்றாம் நாளிலிருந்து அது இல்லாமல் தூங்கமாட்டேன் என்றாள். ஊருக்குப் போன பிறகும் அங்கே படுக்கும்போது, ஆயா டக்டக் ஃபேன் போடு என்று கேட்பாள். அங்கே சனிக்கிழமை ராத்திரி, இங்கே ஞாயிறு காலை. முதலில் பேசுவோம், அவள் ஒரு தமிழ் எழுத்து எழுதிக் காட்டுவாள், பிறகு நான் பாயைப் போட்டுப் போனை ஃபேனுக்கு நேராக வைத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா படுத்திருப்பேன். அவள் தூங்குகிறவரைக்கும் அது அடிக்கும். ஜெயப்பிரியாதான் தூங்கிவிட்டாள் அத்தை என்று சொல்லி வைப்பாள். மார்கழிக் குளிரிலும் போட்டிருக்கிறோம், அப்பா போர்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வார். எலக்ட்ரிசியன் இரண்டு தரம் வந்து, சின்ன ரிப்பேர்தான் சரி பண்ணித் தருகிறேன் என்றான், தொடாதே என்று அனுப்பிவிட்டேன். ஷப்ரீன் சொல்கிற கணக்குப்படி பார்த்தால் வாரத்தில் ஒரு ராத்திரி பாப்பா நம் வீட்டிலும் தூங்கினாள். சர்க்கார் ஒத்துக்கொள்ளாது, நான் எங்கேயும் எழுதப்போவதும் இல்லை. ஆனால் நான் ஜெயப்பிரியாவிடம் அந்த வரிப் பேச்சைப் பேசின பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போன் வரவில்லை. போன ஞாயிறு நான் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தால் அப்பா ஃபேனைப் போட்டுவிட்டு அதன் கீழே என் போனை மல்லாக்க வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கோலம் போட மறந்துவிட்டேன்.

அதனால் உன்னை ஒன்று கேட்கிறேன். இந்த வருஷம் நீ பாப்பாவை எழுதாதே. ஜெயப்பிரியாவே எழுதிக்கொள்ளட்டும். நீ எழுதாவிட்டால் பாப்பா உன் பிள்ளை இல்லை என்று ஆகிவிடாது. நீ இரண்டாவது படிக்கும்போது உன் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் நானும் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன், எந்தப் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரிலும் என் பேர் இல்லை, அதற்காக எனக்கு எழுதத் தெரியாது என்று ஆகிவிட்டதா. அடுத்த வருஷம் எப்படி என்று அடுத்த வருஷம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள், அவளாகக் கொடுத்தால் வாங்கிக்கொள். கோயிலில் பாரதம் படிக்கிறபோது கேட்டிருப்பாய், ஐந்து ஊர் இல்லாவிட்டால் ஐந்து வீடாவது கொடு என்றார்கள், அப்போதே கொடுத்திருந்தால் படுகளம் எங்கே வந்தது. உன்னைத் துரியோதனன் என்று சொல்லவில்லை, திருவிழாவில் மண்ணில் செய்து கிடத்தியிருக்கிற துரியோதனனைப் பார்த்தே பயந்து என் புடவைக்குள் புகுந்துகொண்டவன் நீ. ஆனால் வக்கீல் வரைக்கும் போனால் அதன் பிறகு யார் வென்றாலும் அந்தக் குழந்தைக்கு என்ன மிச்சம் இருக்கும் சொல்.

இரண்டாவது, ஜெயப்பிரியாவுக்கு நீயே போன் பண்ணி, அம்மாவை நான் சொல்லச் சொல்லவில்லை, அவள் அதைக் கோயில் வரி மாதிரி நினைத்துக்கொண்டு உன் பாரத்தைக் குறைக்கத்தான் சொன்னாள் என்று சொல்லவேண்டும். நான் சொன்னால் நம்பமாட்டாள், நீ பாப்பாவை எழுதவில்லை என்று முதலில் சொல்லிவிட்டு இதைச் சொன்னால் நம்புவாள். அவள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாகிறது. இன்னொரு விஷயம், நேற்று அப்பா திருமுக்கூடல் போய் ஜெயப்பிரியாவின் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தார். நம் பேச்சு எதையும் எடுக்கவில்லை, விதைநெல் விஷயமாகப் போனேன் என்று இவர் சொல்ல, கிளம்பும்போது அவர் தானாகவே, எங்க ஊர் கோயில்லயும் பேத்தி பேரு எழுதிட்டேன் சம்மந்தி என்றாராம். இவர் வந்து அதைச் சொல்லிவிட்டுச் சோறு கேட்டார், ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டாவது தரம் குழம்பு வாங்கிக்கொண்டார். அங்கே ஒரு பிள்ளையை ஓர் இடத்தில்தான் எழுத முடியும். இங்கே அவளை இரண்டு ஊரில் எழுதியிருக்கிறோம், எந்த அம்மனும் திருப்பி அனுப்பமாட்டாள்.

இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை ஷப்ரீன் வந்ததும் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன், அசலைத் தபாலிலும் போடுகிறேன், எழுத்துப் புரியாவிட்டால் அதில் பார்த்துக்கொள். சனிக்கிழமையில் தலைக்கு எண்ணெய் வை, நல்லெண்ணெய் இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெயாவது வை. ராத்திரிச் சாப்பாட்டை ரொட்டியோடு முடித்துக்கொள்ளாதே, ஒரு பிடி அரிசி போட்டால் ரசம் சோறு ஆகிவிடும், தனி ஆளுக்கு என்ன சமையல் என்று நினைக்காதே. பாப்பாவை விட்டுவிட்டு வருகிற வழியில் வண்டியை நிறுத்தினால் வெளிச்சமான இடமாகப் பார்த்து நிறுத்து. திருவிழா விபூதி குங்குமம் இரண்டு பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறேன், ஒன்று உனக்கு, ஒன்றை அவர்கள் வீட்டில் கொடுத்துவிடு, வாசலில் நின்று கொடுத்தாலும் சரி. நீ நீடூழி இருக்கவேண்டும், உன் பிள்ளையை உன் மடியில் வைத்துப் பார்க்கிற நாள் எனக்கு வரவேண்டும், அம்மன் உன் கூடவே இருப்பாள்.

பாப்பா கடைசியாக எழுதிக் காட்டியது அவள் பேரும் உன் பேரும், கோடு போட்ட தாளில். ஆயா ஒரு வரி எழுதிட்டேன் பாரு என்றாள். அவளுக்கு வரி என்றால் அதுதான் தெரியும். நீயும் எனக்கு அப்படி ஒரு வரி எழுது, பாப்பாவை நான் எழுதவில்லை, ஜெயப்பிரியாவிடம் பேசிவிட்டேன் என்று. சித்திரை பிறப்பதற்குள் எழுது. எப்படியும் ஞாயிறு காலையில் ஃபேனைப் போட்டுத்தான் வைத்திருப்போம். பதிலைச் சீக்கிரம் அனுப்பு கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
வே. பச்சையம்மாள்